அவரை உட்கார வைக்காதீர்கள்

ஆம்பூரில் யாராவது ஒருத்தரைப் பலசாலி என்று சொன்னால், எவ்வளவு நேரத்துக்கு என்று நான் கேட்பேன். பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக்கொடுத்துப் பழகிய வாய், சும்மா இருக்காது. கேட்கிறவர்கள் டீச்சரம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

எங்கள் தெருவில் இரண்டு பலசாலிகள் இருந்தார்கள். ஒருவன் கோதண்டபாணி, அவனை ஊருக்கே தெரியும். இன்னொருத்தி அவன் பெண்டாட்டி கெங்கம்மாள். அவளிடம் பலம் என்று ஒன்று இருப்பதாக யாரும் நினைத்ததில்லை. நான் அவர்களுக்கு எதிர்வீடு. என் வாசலில் நின்றால் அவர்கள் வீட்டு முற்றம் முழுக்கத் தெரியும், கதவைச் சாத்திக்கொண்டாலும் சத்தம் கேட்கும். நான் சொல்லப்போவது கெங்கம்மாளின் கதை.

கலவைப் பக்கத்துக் கிராமத்துப் பெண் அவள். எழுபதாம் வருடம் கல்யாணமாகி ஆம்பூருக்கு வந்தாள். கோதண்டபாணி வேலை பார்த்த தோல் கம்பெனியிலேயே அவளையும் சேர்த்துக்கொண்டார்கள். சுண்ணாம்புக் குழியில் ஊறிய மாட்டுத் தோலை ஆண்கள் இழுத்து மேலே போடுவார்கள். முடி கழன்று, உப்பி, தண்ணீரும் சுண்ணாம்புமாகக் கனக்கும் அந்தத் தோலைப் பெண்கள் ஆளுக்கொரு முனை பிடித்து அலசுகிற தொட்டிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். காலைச் சங்கு ஊதினால் ஆரம்பம், சாயங்காலச் சங்கு ஊதினால்தான் முடிவு. புதிதாக வருகிற பெண்கள் தோல் நழுவிவிடுமே என்ற பயத்தில் இறுக்கிப் பிடிப்பார்கள். சுண்ணாம்புத் தோலை இறுக்கினால் சோப்புக்கட்டி போல எகிறிக்கொண்டு போகும், மத்தியானத்துக்குள் கையும் மரத்துப்போகும். கெங்கம்மாள் அந்த வேலையைச் சாயங்காலம் வரை முகம் சுளிக்காமல் செய்வாள் என்று மேஸ்திரியே சொல்வான். எப்படியம்மா முடிகிறது என்று ஒருநாள் கேட்டேன். கை முழுக்கச் சுண்ணாம்பு தின்ற புண். அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்:

"இறுக்கக் கூடாது டீச்சரம்மா. விடவும் கூடாது. அவ்ளோதான்."

கோதண்டபாணி வேறு ரகம். கம்பெனி கபடிக் குழுவில் அவன்தான் நட்சத்திரம். கோட்டைத் தாண்டிப் பாடிக்கொண்டு போனால், எதிராளி கண் சிமிட்டுவதற்குள் இரண்டு பேரைத் தொட்டு, மூன்றாமவனை உதைத்துவிட்டுத் திரும்பியிருப்பான். பொங்கல் போட்டிகளுக்கு ஆற்காட்டிலிருந்தெல்லாம் அவனைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். ஆனால் அவனை அடுத்தடுத்து இரண்டு முறை அனுப்பினால் மூன்றாவது அடியிலேயே பிடிபட்டுவிடுவான். இது குழுத் தலைவர் ஜியாவுல்லாவுக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு தடவை பாடிவிட்டு வந்ததும் "கோதண்டத்த ஒக்கார வை" என்று கத்துவார். பசங்கள் ஓடிவந்து அவனை உட்காரவைத்து, பிடரியில் தண்ணீர் விட்டு, துண்டால் விசிறி, குடிக்கச் சொம்பு நீட்டுவார்கள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டு இருப்பான். பிறகு எழுந்து தொடையில் பளாரென்று ஒரு தட்டு தட்டுவான். அந்தச் சத்தம் கேட்டதும் கூட்டம் விசிலடிக்கும், வழி விட்டு விலகும். பழையபடி புயல் கிளம்பிவிட்டது என்று அர்த்தம்.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. வகுப்பில் நான் இதை நாட்டுக்கோழியை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பேன். கறி தின்கிற ஊர்ப் பிள்ளைகள், உடனே புரிந்துகொள்வார்கள். கோழியின் கால் கறி ஏன் கருஞ்சிவப்பு, நெஞ்சுக் கறி ஏன் வெளுப்பு? கோழி நாள் முழுக்க நடக்கிறது, கிளறுகிறது. அந்தக் காலில் மெதுவாக இயங்கும் இழைகள் ஜாஸ்தி. பிராணவாயுவைப் பிடித்துவைக்கும் சிவப்புப் பொருள் அவற்றில் இருக்கிறது. கொழுப்பையும் சர்க்கரையையும் அந்த வாயுவோடு சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக எரிக்கிற குட்டி அடுப்புகள் நிறைய இருக்கின்றன. வேகம் வராது, ஆனால் ரத்தம் வந்துகொண்டிருக்கும் வரை அணையாது. நெஞ்சுத் தசை அப்படி இல்லை. நாய் துரத்தினால் சுவர் மேல் படபடவென்று ஏறுவதற்கு மட்டும்தான் அது. அந்த வெளுத்த இழைகள் மூச்சுக்காகக் காத்திருப்பதில்லை. முதல் சில நொடிக்குக் கையிருப்பாக இருக்கும் சத்தை எடுத்து வீசும், பிறகு சேர்த்துவைத்த சர்க்கரையைக் காற்றில்லாமலே உடைக்கும். பலம் சட்டென்று வரும். ஆனால் அதே சர்க்கரையிலிருந்து கிடைப்பது கம்மி. அமிலம் தேங்கும், தசை எரியும், நடுங்கும், அப்புறம் கை நம் பேச்சைக் கேட்காது. உட்கார்ந்து மூச்சு வாங்கினால் எல்லாம் சரியாகி மறுபடி தயாராகிவிடும். மனிதர்கள் எல்லோரிடமும் இரண்டும் கலந்துதான் இருக்கிறது. சிலருக்கு ஒன்று தூக்கலாக இருக்கும், பாதி பிறப்பில் வருவது, பாதி செய்கிற வேலையில் வருவது.

கோதண்டபாணி பெண்டாட்டியை அடித்ததும் இந்தக் கணக்கில்தான். சாராயம் உள்ளே போக வேண்டும் என்றுகூட இல்லை. குழம்பில் உப்பு கூடினால் போதும். முடியைப் பிடித்துச் சுழற்றிச் சுவரில் மோதுவான், இடுப்பில் உதைப்பான். எழுபத்திமூன்றில் முன்பல் போயிற்று. எழுபத்தாறில் வயிற்றில் இருந்த பிள்ளை போயிற்று. அந்த முதல் நிமிடத்தில் அவன் முன்னால் மலை நின்றாலும் சரிந்திருக்கும். பிறகு திடீரென்று ஓய்ந்துபோய்க் கட்டிலில் உட்கார்ந்து, "தண்ணி" என்பான். கெங்கம்மாள் உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் மொண்டு கொடுப்பாள். குடித்துவிட்டுச் சில நாள் மறுபடி எழுவான், சில நாள் தூங்கிவிடுவான். எழுவானா தூங்குவானா என்று பார்த்துக்கொண்டு சொம்போடு நிற்பதுதான் பதினான்கு வருடம் அவள் நடத்திய வாழ்க்கை.

நான் பலமுறை போய் நின்றிருக்கிறேன். "குடும்ப விஷயம் டீச்சரம்மா, நீங்க போங்க" என்பான். "குடும்பம்னா பல்ல உடைக்கணும்னு எந்த ஊர் சட்டம்டா?" என்பேன். தெரு என்னைத்தான் வாயாடி என்றது. அவன் கபடி ஆடிய கால், அதனால் தெருவுக்கு அவன் அண்ணன். எனக்கு அந்தத் தெருவின் மேல் இன்றைக்கும் கோபம் தீரவில்லை.

அவர்களுக்கு ஒரே மகள், செண்பகம். எண்பத்திநாலில் அவளுக்குப் பதின்மூன்று வயது, என் வகுப்பில் இருந்தாள். விளையாட்டு விழாவுக்கு ஆள் எடுக்கும்போது குட்டி ஓட்டங்களில் கடைசியாக வந்தாள். நீள ஓட்டத்தில் விட்டேன். நாலாவது சுற்றில் மற்ற பெண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க, இவள் ஆரம்பித்த அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தாள். அம்மா உடம்பு என்று எனக்குப் புரிந்துவிட்டது. பேரைக் கொடுத்தேன். வேலூர் வரை போய் இரண்டாவதாக வந்தாள். கெங்கம்மாள் அந்தச் சின்னப் பரிசுக் கோப்பையை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தாள். கோதண்டபாணிக்கு அப்போது ஆட்டம் நின்று நாலு வருடம் ஆகியிருந்தது. விசில் அடிக்க ஆள் இல்லாத கோபம் எல்லாம் வீட்டில்தான் இறங்கியது.

யாரோ டீக்கடையில் சொல்லிவிட்டார்கள், உன் மகள் ஊர் பார்க்கப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாளாமே என்று. அது ஞாயிற்றுக்கிழமை. நான் சர்ச்சில் ஆராதனை முடிந்து குடையோடு தெருவுக்குள் நுழைகிறேன், செண்பகத்தின் அலறல் கேட்கிறது. முற்றத்தில் அவளைக் குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். ஒரு கையில் அவள் இடது கால். இன்னொரு கையில் தோல் ஓரம் நறுக்குகிற சின்னக் கத்தி. கம்பெனியிலிருந்து எடுத்து வந்தது, மயிரை வைத்து ஊதினால் அறுபடும் கூர்மை.

"ஓடற காலா இது. நரம்ப எடுத்துடறேன், அப்பறம் எப்டி ஓடறேன்னு பாக்கலாம்."

குதிகாலுக்கு மேலே ஏற்கெனவே ஒரு வெட்டு விழுந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. வாசலில் ஆண்கள் கூட்டமாக நின்றார்கள். ஒருத்தனும் உள்ளே கால் வைக்கவில்லை. நான் நுழையப் போனேன், "வாணாம் டீச்சரம்மா, கத்தி வெச்சிருக்கான்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்தவனைக் குடையால் அடித்தேன். அடி அவனுக்கு உறைக்கவே இல்லை.

துணி துவைத்துக்கொண்டிருந்த கெங்கம்மாள் ஈரக் கையோடு வந்து கத்தி இருந்த மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தாள். கோதண்டபாணி எழுந்து உதறினான். அவள் தரையைவிட்டுத் தூக்கி எறியப்பட்டாள், ஆனால் கை விடவில்லை. அவளோடு சேர்த்துத் தன் கையைச் சுவரில் மோதினான். அவள் மண்டை பிளந்து முகமெல்லாம் ரத்தம். வயிற்றில் உதைத்தான். குனிந்து அவள் தோள்பட்டையைக் கடித்தான், பல் உள்ளே இறங்கியது. ஒவ்வொரு உதறலும் ஒரு மாட்டையே சாய்த்திருக்கும். அவள் எதிர்த்து ஒரு அடி அடிக்கவில்லை. முழுப் பலத்தோடு இறுக்கியிருந்தால் அவள் தசைக்கே ரத்தம் போகாமல் சீக்கிரம் ஓய்ந்திருப்பாள். அவள் இறுக்கவில்லை. ஊறிய தோலைப் பிடிக்கிற மாதிரிதான் பிடித்திருந்தாள். அவன் வீசிய பக்கமெல்லாம் போனாள், விடவில்லை.

கொஞ்ச நேரம்தான். உதறல் தளர்ந்தது. முழங்கை நடுங்க ஆரம்பித்தது. விரல்கள் தாமாகவே விரிந்து கத்தி கீழே விழுந்தது.

அதுவரை சிலையாக நின்ற கூட்டம் இப்போது உள்ளே பாய்ந்தது. முதல் ஆள் ஜியாவுல்லா. "விடு தங்கச்சி, ஓஞ்சிட்டான்" என்று அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். நாலு பேர் சேர்ந்து அவளை ஒரு பக்கம் இழுத்தார்கள். அடுத்து அவர்கள் செய்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு பற்றி எரிகிறது. பத்து வருடம் மைதானத்தில் பழகிய கை, யோசிக்கவே இல்லை. கோதண்டபாணியை முற்றத்தில் கிடந்த கட்டிலில் உட்காரவைத்தார்கள். ஒருத்தன் துண்டால் விசிறினான். ஒருத்தன் பிடரியில் தண்ணீர் விட்டான். இன்னொருத்தன் கத்தியைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, பெரிய காரியம் செய்த மாதிரி நின்றான். "தண்ணி" என்றான் கோதண்டபாணி. ஜியாவுல்லா சொம்பை எடுத்தார்.

"அவர ஒக்கார வைக்காதீங்க பாய்" என்றாள் கெங்கம்மாள். வாயில் ரத்தம் இருந்ததால் பேச்சு குழறியது. "தண்ணி குடுக்காதீங்க. கைய கட்டுங்க மொதல்ல."

"இன்னா பொம்பள நீ. தாகத்துல கேக்கறான், குடுக்காம இருக்க முடியுமா?"

"மறுபடி ஏந்திரிப்பாரு பாய். உங்களுக்குத் தெரியாதா, ஏந்திரிப்பாரு."

"பேஜார் பண்ணாத. எல்லாம் முடிஞ்சிபோச்சி" என்று சொல்லி அவர் சொம்பை நீட்டினார். அவன் அண்ணாந்து குடித்தான்.

நான் செண்பகத்தின் காலைப் புடவைத் தலைப்பால் கட்டிக்கொண்டிருந்தேன். கெங்கம்மாள் தவழ்ந்து வந்து மகளைத் தூக்கி நிறுத்தப் பார்த்தாள். அந்தக் கால் தரையில் ஊன்ற மறுத்தது. வெளியே ஓடலாம் என்றால், வாசல் முழுக்க ஆள். ஜியாவுல்லா யாரையோ பார்த்து ரிக்‌ஷா கூப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தொடையில் பளாரென்று ஒரு தட்டு.

வாசலில் நின்ற அத்தனை பேரும் சட்டென்று இரண்டு பக்கமும் விலகி வழிவிட்டார்கள். கர்த்தர் சாட்சியாகச் சொல்கிறேன், வழிவிட்டார்கள்.

கட்டிலுக்கு அடியிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டு இரண்டே எட்டில் வந்துவிட்டான். குறி செண்பகத்தின் கால்தான். கெங்கம்மாள் இடது கையைக் குறுக்கே போட்டாள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மண்ணில் விழுந்தன. அவள் அவற்றைப் பார்க்கக்கூட இல்லை. அவன் அடுத்த வீச்சுக்குக் கையை ஓங்கியபோது பின்பக்கம் போய், வலது கையை அவன் கழுத்தைச் சுற்றிப் போட்டு, ரத்தம் கொட்டும் இடது கையை அதன் மேல் பூட்டிக்கொண்டு மல்லாக்கச் சாய்ந்தாள். இருவரும் விழுந்தார்கள், அவன் அவள் மேல் கிடந்தான். முழங்கையால் பின்னால் இடித்தான். அவள் விலா எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. பிடியை விலக்க அவள் கையைக் கத்தியால் கிழித்தான், அது சதையைப் பிளந்து எலும்பில் போய் நின்றது. கால்களால் மண்ணை உதைத்துத் துள்ளினான். நான் அவன் கத்திக் கையின் மேல் என் முழு எடையோடு உட்கார்ந்தேன்.

மறுபடியும் அதே கொஞ்ச நேரம்தான். துள்ளல் அடங்கியது. "தண்ணி" என்று ஒரு சத்தம் வந்தது, எனக்கும் கேட்டது, அவளுக்கும் கேட்டிருக்கும்.

"விடும்மா, ஓஞ்சிட்டான்" என்று மறுபடி ஓடிவந்தார்கள். கெங்கம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். இந்த முறை அவள் விரலை ஒருத்தராலும் பிரிக்க முடியவில்லை. இறுக்கவில்லை, அதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். விடவில்லை. தசை காற்றில்லாமல் கொஞ்ச நேரம் சமாளித்துக்கொள்ளும், அப்படிச் சமாளிக்கத்தான் அவன் உடம்பு பிறந்திருந்தது. கழுத்தில் ரத்தம் நின்றுபோனால் மூளையால் முடியாது. ஒருவழியாக அவர்கள் அவள் கையைத் தூக்கியபோது கோதண்டபாணியின் தலை துவண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஜியாவுல்லா அவனை வழக்கம் போலக் கட்டிலில் உட்காரவைக்கப் பார்த்தார். அவன் உட்காரவில்லை.

அவன் செத்ததற்கு நான் அழவில்லை, பொய் சொல்ல மாட்டேன். கெங்கம்மாள் அழுதாள். கை கட்டுப்போட்டு, போலீஸ் காவலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அழுதாள். எதற்கம்மா அழுகிறாய் என்று கேட்டுத் திட்டினேன்.

அடுத்த வருடம் வேலூர்க் கோர்ட்டில் விசாரணை. "மயக்கத்தில் இருந்தேன், ஒன்றும் நினைவில்லை" என்று சொல்லச் சொல்லி அவள் வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அரசுத் தரப்பு வக்கீல் கேட்டார், அவன் ஓய்ந்துவிட்டான் என்று எல்லோரும் சொல்லியும் ஏன் விடவில்லை?

"விட்டா ஒக்கார வைப்பாங்க சாமி. ஒக்காந்தா மறுபடி ஏந்திரிப்பாரு."

அவள் வக்கீல் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். தெரிந்தே பிடித்திருந்தாள் என்று எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொண்டது. நான் சாட்சி சொன்னேன், கோபத்தில் ஜாஸ்தியாகவே பேசினேன். அடுத்து அரசுத் தரப்புச் சாட்சியாக ஜியாவுல்லா ஏறினார். இறந்தவன் அப்போது எதிர்க்கும் நிலையில் இருந்தானா என்று கேட்டார்கள். அவர் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவன் ஓஞ்சிட்டான்னு நெனச்சி மொத தபா நான்தான் ஒக்கார வெச்சேன். தண்ணியும் நான்தான் குடுத்தேன். குடிச்சிட்டு எழுந்துதான் அந்தம்மா விரல வெட்டினான். ரெண்டாவது தபாவும் விட்டிருந்தா நான் அதேதான் பண்ணியிருப்பேன். பத்து வருசம் அவன அப்டித்தான் வெளையாட வெச்சேன்" என்றார்.

தற்காப்புதான் என்று ஜட்ஜ் விடுதலை செய்தார். செண்பகத்தின் குதிகால் நரம்பு பாதிதான் அறுந்திருந்தது, தைத்தார்கள். நடப்பாள், சாய்த்து நடப்பாள். ஓட மாட்டாள். கெங்கம்மாள் மூன்று விரல் கையோடு மறுபடி அதே தோல் கம்பெனிக்குப் போனாள்.

தீர்ப்பு வந்த அன்று கோர்ட்டு வராண்டாவில் அவள் சுவரோரம் குந்தியிருந்தாள். நாக்கு வறண்டிருந்தது. ஜியாவுல்லா பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். அவள் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இத அன்னிக்கி கீழ ஊத்தியிருந்தா, அவரும் உயிரோட இருந்திருப்பாரு பாய்" என்றாள்.

பிறகு குடித்தாள்.